பன்னிரண்டரைக்குக் கீழே

வசந்தத்தில் ஒயின் வாங்கப் போனால், பாட்டிலைத் திருப்பி ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது என் வழக்கம். 12.5-க்கு மேல் இருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன். எந்த ஊர், எந்தத் திராட்சை, யாருடைய தோட்டம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். வியன்னாவில் இருக்கும் நண்பர்கள் இதைக் கஞ்சத்தனம் என்பார்கள். ஆஸ்திரியாவில் ஆல்கஹால் குறைந்த வெள்ளை ஒயினுக்கு விலையும் பெரும்பாலும் குறைவு. கஞ்சத்தனமும் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை ஆஸ்திரியச் சாப்பாட்டு மேசைக்கு வருகிற சாமான்களைப் பார்த்தால், கனமான ஒயினுக்கு அங்கே வேலையே இல்லை.

மார்ச்சில் காட்டுப்பூண்டு இலை வரும். பெரிய வியாழனன்று பசலைக்கீரையும் முட்டையும். ஈஸ்டருக்குப் புகை போட்ட பன்றித்தொடை. ஏப்ரல் நடுவிலிருந்து ஆஸ்பராகஸ் என்ற தண்டுக் காய்கறி, கொஞ்சம் தள்ளி அதற்குத் துணையாகப் புது உருளைக்கிழங்கு. மே மாதம் ஆற்று மீன், பொரித்த கோழி, முடிவில் ஸ்ட்ராபெர்ரி. பெரும்பாலும் பச்சை, கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் கந்தக நெடி, எல்லாவற்றுக்கும் மேலே வெண்ணெயும் முட்டையும். இதற்கு வேண்டியது நல்ல புளிப்புள்ள, போன அறுவடையில் எடுத்த இளசான ஒயின். ஓக் பீப்பாயில் வைத்து வெனிலா வாசம் ஏறிய ஒயினை ஆஸ்பராகஸோடு ஒருமுறை குடித்துப் பாருங்கள், இரண்டும் சேர்ந்து கெட்டுப்போகும்.

ஆஸ்திரியத் தோட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு க்ரூனர் வெல்ட்லீனர் என்ற வெள்ளைத் திராட்சை. பச்சை ஆப்பிள், எலுமிச்சை, கூடவே மிளகு. ஒயின் வர்ணனைகளில் வரும் ஈரக்கல் வாசம், வைக்கோல் வாசம் போன்றவற்றை நான் பெரிதாக நம்புவதில்லை. மிளகு மட்டும் விதிவிலக்கு, ஏனென்றால் அதற்கு வேதியியல் சாட்சி இருக்கிறது. 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஷிராஸ் திராட்சையின் மிளகு வாசத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற சேர்மம் என்று கண்டுபிடித்தார்கள். கருமிளகின் மணத்துக்கும் அதுவேதான் காரணம். க்ரூனர் வெல்ட்லீனரிலும் அது இருப்பது பிறகு தெரியவந்தது. ஒரு லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு எவ்வளவு கூட்டிக் கொடுத்தும் அந்த வாசம் பிடிபடவில்லை. என் மனைவி அந்தக் கட்சி. ரசத்தில் மிளகு ஒரு சிட்டிகை கூடினாலும் உடனே சொல்லிவிடுவாள். அது நாக்கைச் சுடுகிற பைப்பரின், வேறு பொருள். க்ரூனரை முகர்ந்தால் அவளுக்கு எலுமிச்சையோடு சரி. ஆகவே மிளகு வாசம் தெரியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம், மூக்கின் அமைப்பு அப்படி.

இந்தத் திராட்சையின் பெயர்பெற்ற இடம் வாஹாவ். மெல்க் ஊருக்கும் கிரெம்ஸுக்கும் நடுவே டான்யூப் வளைந்து போகும் பள்ளத்தாக்கு. 2000-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்தில் ஆப்ரிகாட் மரங்கள் பூக்கும்போது ஊரே அங்கே போய் நிற்கும், கார் நிறுத்த இடம் கிடைக்காது. செங்குத்தான சரிவில், சாந்து பூசாமல் கல் அடுக்கிக் கட்டிய மேடைகளில் கொடிகள். அங்குள்ள தோட்டக்காரர்கள் 1983-ல் ஒரு சங்கம் அமைத்து, ஒயினை மூன்று தரமாகப் பிரித்தார்கள். 11.5 சதவீதத்துக்குள் இருந்தால் ஷ்டைன்ஃபேடர், அந்தச் சரிவுகளில் முளைக்கும் இறகு போன்ற புல்லின் பெயர். 11.5 முதல் 12.5 வரை ஃபேடர்ஷ்பீல், வல்லூறை வேட்டைக்குப் பழக்குகிறவர்கள் அதைத் திரும்ப அழைக்க வீசும் பொருளின் பெயர். 12.5-இல் தொடங்கி மேலே போனால் ஸ்மராக்ட், சுவர்களில் வெயில் காயும் மரகதப் பச்சைப் பல்லியின் பெயர்.

வெளிநாட்டுப் பத்திரிகைகள் கொண்டாடுவது ஸ்மராக்டைத்தான். நல்ல ஒயின்தான், பத்து வருடம் வைத்திருந்தாலும் தாங்கும். ஆனால் அது நவம்பருக்கானது, புனித மார்ட்டின் நாளில் வறுத்த வாத்து வரும்போது. வசந்தத்தில் என் கை போவது ஃபேடர்ஷ்பீல் பக்கம். ஷ்டைன்ஃபேடர் கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் கடைகளில் அது கண்ணில் படுவதே குறைந்துவிட்டது. கோடை சூடாக ஆக, பழத்தில் சர்க்கரை சீக்கிரம் ஏறும்; சர்க்கரைதான் ஆல்கஹாலாக மாறும். 11.5-க்குள் நிறுத்த வேண்டுமென்றால் சீக்கிரமே பறிக்க வேண்டும், சீக்கிரம் பறித்தால் வாசம் வந்திருக்காது. இந்த இழுபறியில் மெலிந்த ஒயின் அடிபடுகிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

முதல்முறை வாங்குகிறவர்களுக்கு நான் வாஹாவைச் சொல்வதில்லை. வைன்ஃபியர்ட்டல் என்று எழுதியிருப்பதை எடுங்கள் என்பேன். வியன்னாவுக்கு வடக்கே செக் எல்லை வரை போகும் மேடும் பள்ளமுமான பூமி. இன்ன ஊர், இன்ன திராட்சை, இன்ன சுவை என்று சட்டப்படி உத்தரவாதம் தரும் டி.ஏ.சி. என்ற முத்திரையை ஆஸ்திரியாவில் முதலில் வாங்கியது இந்தப் பகுதிதான், 2002 அறுவடைக்கு. லேபிளில் வைன்ஃபியர்ட்டல் டி.ஏ.சி. என்று இருந்தால் உள்ளே க்ரூனர் வெல்ட்லீனர்தான் இருக்கும், மிளகு வாசத்தோடு. அதோடு ரிசர்வ் என்ற சொல் இருந்தால் மட்டும் வசந்தத்துக்கு வேண்டாம், அது கனத்த ரகம்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

வியன்னாக் காடுகளிலும் ப்ராட்டர் பூங்காவின் மரத்தடியிலும் மார்ச் வந்தால் பேர்லாவ்ஹ் என்ற காட்டுப்பூண்டு தரை முழுக்கப் பச்சையாகப் படர்ந்துவிடும். காற்றிலேயே பூண்டு வாசம் வரும். பை நிறையப் பறித்துக்கொண்டு போய் உருளைக்கிழங்கும் க்ரீமும் சேர்த்து சூப் வைப்பார்கள், ரொட்டியில் தடவ வெண்ணெயில் அரைப்பார்கள். பறிப்பதில் ஓர் ஆபத்து உண்டு. அதே இடங்களில், அதே மாதங்களில், கிட்டத்தட்ட அதே இலையோடு இரண்டு விஷச் செடிகள் முளைக்கும். ஒன்று பள்ளத்தாக்கு லில்லி. இன்னொன்று இலையுதிர் காலத்தில் பூக்கும் கொல்ச்சிகம், அதன் விஷம் கொல்ச்சிசின். நம் செங்காந்தளில் இருப்பதும் இதே விஷம்தான், இரண்டும் ஒரே குடும்பம். கசக்கி முகர்ந்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். முதல் இலைக்குப் பிறகு கையெல்லாம் பூண்டு நாறும், இரண்டாவது இலை எதுவானாலும் பூண்டாகத்தான் மணக்கும். காம்பைப் பார்க்க வேண்டும்: பேர்லாவ்ஹில் ஒவ்வொரு இலைக்கும் தரையிலிருந்து தனித்தனியாக ஒரு காம்பு இருக்கும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை, சந்தையில் கட்டாக விற்பதை வாங்கிவிடுகிறேன்.

இந்த சூப்புக்கு வாசம் மிகுந்த, நளினமான ஒயின் எதையும் திறக்காதீர்கள், பூண்டு அதை விழுங்கிவிடும். வைன்ஃபியர்ட்டல் க்ரூனர் சரி. இல்லையென்றால் வெல்ஷ்ரீஸ்லிங், பெயரில் ரீஸ்லிங் இருந்தாலும் ரீஸ்லிங் என்ற வேறொரு வெள்ளைத் திராட்சைக்கும் இதற்கும் உறவில்லை. பெரிய ஆசையில்லாத, வெடுக்கென்று புளிக்கிற ஒயின், க்ரீமைக் கழுவிக்கொண்டு போகும்.

பெரிய வியாழனன்று இங்கே வீட்டுக்கு வீடு பசலைக்கீரை. மசித்து, பால் சேர்த்து, பக்கத்தில் உருளைக்கிழங்கு, மேலே பொரித்த முட்டை. கீரை நாவில் ஒருவித உலோகச் சுவையை விடும், மஞ்சள் கரு நாக்கின் மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். சிவப்பு ஒயினின் துவர்ப்பு அதில் விழுந்தால் வாயில் சாவியைக் கடித்த மாதிரி இருக்கும். புளிப்பான வெள்ளை ஒயின்தான் இதற்கும்.

இனி ஆஸ்பராகஸ். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தாவரக் கணக்கில் இது நம் தண்ணீர்விட்டான் கிழங்குக்கு ஒன்றுவிட்ட சகோதரன். ஆனால் இங்கே தின்பது கிழங்கை விட்டுவிட்டு முளைக்கும் தண்டை. வியன்னாவுக்குக் கிழக்கே, டான்யூபுக்கும் மார்ஹ் ஆற்றுக்கும் இடையில் மார்ஹ்ஃபெல்ட் என்று ஒரு சமவெளி. அங்கே விளைவதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு உண்டு. பச்சையும் உண்டு, வெள்ளையும் உண்டு. இந்த ஊர்க்காரர்கள் ஏங்குவது வெள்ளைக்கு. மண்ணை வரப்பு மாதிரி உயர்த்தி அணைத்து, தண்டு வெயிலைப் பார்ப்பதற்கு முன்பே மண்ணுக்குள் கத்தியை விட்டு அறுப்பார்கள். வெயில் படாததால்தான் அந்த வெள்ளை. ஏப்ரல் நடுவில் தொடங்கும், ஜூன் 24 புனித யோவான் நாளோடு வழக்கப்படி முடிந்துவிடும். அதற்கு மேலும் அறுத்தால் அடுத்த வருடத்துக்கு வேரில் சக்தி இருக்காது.

வாங்கும்போது இரண்டு தண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று தேய்த்துப் பார்க்க வேண்டும். கீச்சென்று சத்தம் வந்தால் புதுசு. வெட்டிய நுனி ஈரமாக இருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் நீர் கசிய வேண்டும். நுனி காய்ந்து பழுப்பாக இருந்தால் கடைக்காரர் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும், தலையிலிருந்து இரண்டு விரல் கீழே தொடங்கி அடிவரை தோலைச் சீவ வேண்டும், தாராளமாக. இங்கே சிக்கனம் பார்த்தால் சாப்பிடும்போது நார் பல்லில் மாட்டும். சீவிய தோலையும் வெட்டிய அடியையும் எறிந்துவிடக்கூடாது. உப்பும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் கொஞ்சம் வெண்ணெயும் போட்ட தண்ணீரில் முதலில் அவற்றை வேகவைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரிலேயே தண்டுகளை வேகவைத்தால் சுவை இரட்டிப்பாகும். மிஞ்சுகிற தண்ணீர் மறுநாள் சூப்.

வேகும்போது அடுப்படியில் ஒரு நெடி வரும். கந்தகச் சேர்மங்கள். அதுதான் ஒயின்காரர்களின் தலைவலி. துவர்ப்புள்ள சிவப்பு ஒயின் இதோடு சேர்ந்தால் கசக்கும், ஓக் வாசமுள்ள வெள்ளை ஒயின் சேர்ந்தால் மட்கிய வாசம் வரும். ஆஸ்பராகஸுக்கு ஒயினே பொருந்தாது என்று பிரெஞ்சுச் சமையல் பழகிய பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆஸ்திரியர்களுக்கு இந்தக் கவலை இல்லை. இளம் க்ரூனரில் தானாகவே ஒரு காய்கறித்தனம் உண்டு, பச்சைப் பட்டாணி மாதிரி. ஆஸ்பராகஸின் நெடி அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆகப் பெரிய பொருத்தம் இதுதான் என்பது என் கட்சி.

ஆனால் மேலே என்ன ஊற்றுகிறோம் என்பதைப் பொறுத்து பாட்டிலை மாற்றுவேன். வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூள் தூவினால் வைன்ஃபியர்ட்டல் க்ரூனர் போதும். முட்டையும் வெண்ணெயும் அடித்த ஹொலண்டேஸ் சாஸ் ஊற்றினால் கொஞ்சம் உடம்புள்ள ஒயின் வேண்டும். வாஹாவ் ஃபேடர்ஷ்பீல், அல்லது பக்கத்து கம்ப்டால், கிரெம்ஸ்டால் பகுதிகளில் காற்று கொண்டுவந்து குவித்த வண்டல்மேட்டு மண்ணில் விளைந்த க்ரூனர். அந்த மண்ணில் விளைந்தது பாறைச் சரிவில் விளைந்ததைவிட உருண்டையாக, மெத்தென்று இருக்கும். பச்சை ஆஸ்பராகஸை எண்ணெய் தடவிச் சுட்டால் க்ரூனரை விட்டுவிட்டு தெற்கு மாநிலமான ஷ்டையர்மார்க்கின் ஸாவின்யோன் ப்ளாங்குக்குப் போவேன். அந்தத் திராட்சைக்கே புல்லும் குடைமிளகாயும் கலந்த வாசம் உண்டு, சுட்ட பச்சைத் தண்டோடு நன்றாகச் சேரும்.

வீட்டில் சமைக்க அலுத்தால் ஹொய்ரிகர். தோட்டக்காரர் தன் ஒயினைத் தன் வீட்டு முற்றத்திலேயே விற்கும் கடை. 1784-ல் பேரரசர் இரண்டாம் ஜோசப் கொடுத்த அனுமதியில் வேர் பிடித்த வழக்கம். வாசலில் பைன் கிளை தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். வியன்னா மாநகர எல்லைக்குள்ளேயே சுமார் 600 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. ட்ராம் ஏறிப் போய்விடலாம். சுற்றுலாக்காரர்கள் க்ரின்ட்ஸிங் போவார்கள். நான் 31-ம் எண் ட்ராமில் கடைசி நிறுத்தமான ஷ்டாமர்ஸ்டார்ஃப் போவேன், அங்கே வயலின் வாசித்துக்கொண்டு யாரும் மேசைக்கு வரமாட்டார்கள்.

மனைவியின் அண்ணன் மதுரையிலிருந்து வந்திருந்தபோது அங்கே கூட்டிப்போனேன். ஏப்ரல் கடைசி, வெயிலில் உட்கார்ந்தால் சட்டை போதும், நிழலுக்கு நகர்ந்தால் ஸ்வெட்டர் வேண்டும். பாதி ஒயின், பாதி சோடா கலந்த கஷ்ப்ரிட்ஸ்டர் வந்தது.

“என்ன மாப்ள, சோடாவை ஊத்திக் குடுத்துட்டுப் போறாங்க? ஆளப் பாத்து ஏமாத்துறாங்களா?”

“இல்ல மச்சான், இங்க எல்லாருக்கும் இதான். பாதிக்குக் குறையாம ஒயின் இருக்கணும்னு சட்டமே இருக்கு.”

அவர் நம்பவில்லை. பக்கத்து மேசையில் வயதான தம்பதி அதையே மூன்றாவது முறை வாங்குவதைப் பார்த்த பிறகுதான் குடித்தார். லிப்டாவர் என்று பாலாடைக்கட்டியில் வெண்ணெய், மிளகாய்ப்பொடி, சீமைச்சீரகம் கலந்து ரொட்டிக்குத் தருவார்கள். அதைத் தொட்டுத் தொட்டு இரண்டு தட்டு ரொட்டியை முடித்தார். அப்புறம் சோடா இல்லாத ஒயின் ஒன்று கேட்டார், நான் கெமிஷ்டர் ஸாட்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.

கெமிஷ்டர் ஸாட்ஸ் வியன்னாவின் சொந்தச் சரக்கு. பல திராட்சை வகைகளை ஒரே தோட்டத்தில் கலந்து நட்டு, ஒரே நாளில் பறித்து, ஒன்றாகப் பிழிந்து எடுப்பது. தனித்தனியாகச் செய்த ஒயின்களைக் கடைசியில் கலப்பது இதில் சேராது. ஒரு வகை பனியில் கருகினாலும் இன்னொன்று பிழைக்கும் என்று அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. 2013-லிருந்து இதற்கும் டி.ஏ.சி. முத்திரை, குறைந்தது மூன்று வெள்ளை வகைகள் இருக்க வேண்டும், எந்த வகையும் பாதிக்கு மேல் போகக்கூடாது. ஒரு வகை நன்றாகப் பழுத்திருக்கும், இன்னொன்று இன்னும் புளித்துக்கொண்டிருக்கும். அதனால் தட்டில் பல பண்டம் இருந்தாலும் ஏதோ ஒன்று ஒத்துப்போகும். ஹொய்ரிகர் தட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது தெரியாது: குளிர்ந்த பன்றி வறுவல், உருளைக்கிழங்கு சாலட், ஊறுகாய் வெள்ளரி, அவித்த முட்டை எல்லாம் ஒரே தட்டில்.

தெற்கே ஷ்டையர்மார்க் மாநிலத்தில் ஈஸ்டர் பெரிய விசேஷம். புனிதச் சனிக்கிழமை கூடையில் பன்றித்தொடை, தொத்திறைச்சி, சாயமிட்ட முட்டை, இனிப்பு ரொட்டி எல்லாம் வைத்து, பூவேலைத் துணி போர்த்தி, மந்திரிக்கக் கோயிலுக்கு எடுத்துப் போவார்கள். சாப்பிடும்போது மேலே கிரென் என்ற கிழங்கைத் துருவிப் போடுவார்கள். கடுகைப் போல நேரே மூக்கில் ஏறும். இந்த உப்பும் கொழுப்பும் காரமும் சேர்ந்த தட்டுக்கு மேற்கு ஷ்டையர்மார்க்கின் ஷில்ஹர் வேண்டும். ப்ளாவர் வில்ட்பாஹர் என்ற கருந்திராட்சையிலிருந்து எடுக்கும் ரோஸே. பார்க்க இளஞ்சிவப்பு, இனிக்கும் என்று நினைத்து வாயில் வைத்தால் கண் சுருங்குகிற புளிப்பு. தனியாகக் குடிக்க எல்லோராலும் முடியாது, எனக்கே இரண்டாவது கிளாஸ் கஷ்டம். பன்றித்தொடையோடு மட்டும் அது சாதுவாகிவிடும்.

அதே மாநிலத்தில் 2016 ஏப்ரல் கடைசியில் அடித்த பனியில், துளிர்த்து நின்ற கொடிகள் ஒரே வீச்சில் கருகிப்போயின. தோட்டக்காரர்கள் விடிய விடிய ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டும் பெரும்பகுதி விளைச்சல் போயிற்று. மே நடுவில், கடைசி உறைபனி வரும் என்று நம்பப்படும் பனிப் புனிதர்களின் நாட்கள், கடைசியாக மே 15-ல் குளிர் சோஃபி, கடந்தால்தான் இங்கே தோட்டக்காரர்களுக்குத் தூக்கம் வரும். வசந்தம் என்று நாம் குடித்துக்கொண்டிருக்கும் நாட்கள் அவர்களுக்கு வருடத்திலேயே மோசமான நாட்கள்.

நம் சமையலுக்கு இவை ஒத்துவருமா என்று கேட்பவர்கள் உண்டு. சிலது வரும், சிலது வரவே வராது. மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் தூண்டிவிடும். அதனால் இங்கேயும் என் 12.5 கணக்கு உதவுகிறது. மிளகும் நெய்யும் தூக்கலாக உள்ள வெண்பொங்கலுக்குக் குளிர்ந்த க்ரூனர் பிரமாதம். கேட்பவர்கள் சிரிப்பார்கள், சாப்பிட்டவர்கள் சிரிப்பதில்லை. ஆஸ்பராகஸைப் பொடியாக நறுக்கித் தேங்காய் போட்டுப் பொரியல் செய்தால் கெல்பர் முஸ்கட்டெல்லர் எடுங்கள், எல்டர் பூவும் மஸ்கட் திராட்சையும் கலந்து மணக்கும் லேசான ஒயின், கொத்தமல்லி, கறிவேப்பிலை வாசத்துக்கு ஈடு கொடுக்கும். பொரித்த கோழிக்கு கஷ்ப்ரிட்ஸ்டர். ஆனால் சாம்பார், வத்தக்குழம்பு பக்கம் ஒயினைக் கொண்டுபோகாதீர்கள். சாப்பாட்டின் புளிப்பு ஒயினின் புளிப்பைத் தாண்டிவிட்டால் ஒயின் சப்பென்று ஆகிவிடும், புளிக்கரைசலை எந்தத் திராட்சையும் ஜெயித்ததில்லை.

ரீஸ்லிங்கை நான் இன்னும் சொல்லவில்லை. வசந்தத்தில் அதற்கு ஒரே ஒரு இடம்தான் தருவேன்: வெண்ணெயில் வாட்டிய ட்ரவுட் மீனுக்கு, ஃபேடர்ஷ்பீல் ரகத்தில். ஆஸ்திரிய ரீஸ்லிங் பெரும்பாலும் இனிப்பில்லாதது, எலுமிச்சை பிழிய வேண்டிய வேலையை அதுவே செய்துவிடும்.

சிவப்பு வேண்டுமென்று அடம் பிடிப்பவர்களுக்கு ஸ்வைகெல்ட். 1922-ல் ஃப்ரிட்ஸ் ஸ்வைகெல்ட் என்பவர் ஸாங்ட் லாரண்ட், ப்ளாவ்ஃப்ரெங்கிஷ் இரண்டையும் இனக்கலப்பு செய்து உருவாக்கிய வகை. அவர் தீவிர நாஜி, அதனால் பெயரை மாற்ற வேண்டும் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. சிலர் லேபிளில் ரோட்பர்கர் என்ற இன்னொரு பெயரைப் போடுகிறார்கள். திராட்சை மேல் குற்றமில்லை. பீப்பாய் காணாத இளம் ரகமாக வாங்கி, அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் பொரித்த கோழியோடு குடிக்கலாம். செர்ரிப் பழ வாசம், துவர்ப்பு குறைவு.

கடையில் பாட்டிலைக் கையில் எடுத்தால் மூடியையும் ஒரு பார்வை பாருங்கள். சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று கொடி நிறத்தில் பட்டை இருந்தால், அந்த ஒயின் அரசு ஆய்வுக்கூடத்தில் பரிசோதனையும் ருசிப் பரிசோதனையும் முடித்து வந்தது. லேபிளில் அதற்கான எண்ணும் இருக்கும். இந்தக் கெடுபிடியின் கதை 1985. சில வியாபாரிகள் மெலிந்த ஒயினை இனிப்பாகவும் கனமாகவும் காட்ட டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷ ரசாயனம் கலந்தது வெளியே வந்து, ஏற்றுமதி படுத்தேபோனது. அதே வருடம் கடுமையான ஒயின் சட்டம் வந்தது. எந்த மெலிவை மறைக்க அன்று விஷம் கலந்தார்களோ, அதைத்தான் இன்று நான் லேபிளைத் திருப்பித் திருப்பித் தேடுகிறேன். திருகு மூடியைப் பார்த்து மட்ட ரகம் என்று ஒதுக்காதீர்கள். இங்கே நல்ல தோட்டக்காரர்களே வெள்ளை ஒயினுக்கு அதைத்தான் விரும்புகிறார்கள். இளம் ஒயினின் வாசம் அதில் பத்திரமாக இருக்கும்.

மே கடைசியில் புர்கன்லாண்ட் மாநிலத்தின் வீஸன் ஊர் ஸ்ட்ராபெர்ரி வந்துவிடும். பழத்தைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒயின் புளிக்கும். நொய்ஸீட்ல் ஏரிக் கரையில், ஆள் உயரம்கூட ஆழமில்லாத அந்த ஏரியிலிருந்து இலையுதிர் காலத்தில் எழும் மூடுபனியில் பூஞ்சை பிடித்துச் சுருங்கிய திராட்சையிலிருந்து தேன் மாதிரி ஒயின் எடுப்பார்கள். ரூஸ்ட் ஊரின் ஆவுஸ்ப்ரூஹ் அதில் பேர்போனது. ஆனால் புதுப் பழத்துக்கு அது பாரம். ஸ்பேட்லேஸே என்ற லேசான இனிப்பு ரகம் ஒரு சின்ன கிளாஸ் போதும். பழத்தில் சர்க்கரை தூவிச் சாப்பிடாதவர் என்றால், நுரைக்கிற ஷில்ஹரில் நான்கு துண்டு ஸ்ட்ராபெர்ரியை வெட்டிப் போட்டுக் குடித்துப் பாருங்கள், அங்கே அப்படித்தான் செய்வார்கள்.

எவ்வளவு வாங்குவது என்றால், ஆறு பாட்டிலுக்கு மேல் வேண்டாம். இந்த ரகங்கள் அடுக்கி வைத்து முதிர வைக்க அல்ல. அடுத்த அறுவடைக்குள் தீர்த்துவிட வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கால்மணி நேரம் கழித்து ஊற்றுங்கள், பல் கூசுகிற குளிரில் மிளகு வாசம் தெரியாது. திறந்த பாட்டில் திருகு மூடியோடு ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் ஆனால் சோடா வாங்கி வாருங்கள்.